எலி வேலிப் படத்துக்கு ஒரு திருத்தம்

ஹாஜா மைதீன் சாரின் எண் என் கைபேசியில் ஒளிர்ந்தபோது நான் எடுக்கவில்லை. காலை பத்தரை மணி இருக்கும். ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைதோறும் அவர் அழைப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் ஏழெட்டு வாரங்களாகப் பொய் சொல்லிவந்தேன். இன்னொரு முறை சொல்ல மனம் வராமல், மணி அடித்து ஓயும்வரை துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓய்ந்த பிறகுதான் அன்றைக்கு வியாழக்கிழமை என்று உறைத்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன். அவர் மனைவி ஜெய்த்தூன் அம்மா பேசினார்.

"அவங்க மவுத்தாயிட்டாங்கம்மா. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல. ஃபோன்ல உன் நம்பர்தான் மேல இருந்துச்சு."

இந்த எலக்ட்ரானிக்ஸ் இதழை மாதம் தவறாமல் வாங்கிப் படித்த உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. படங்கள் நினைவிருக்கும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், எமர்ஜென்சி விளக்கு என்று செய்முறைகளாகவே நிறைந்திருந்த அந்த மாத இதழில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் அவருடையது. வாசலில் புது அலாரம் மாட்டியவரைத் திருடனே தட்டி எழுப்பி, "சார், உங்க அலாரம் அடிக்கல, டிரை சால்டர், ஈயம் சரியா ஒட்டல. பத்தவெச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லும் படம். வளைகுடாவிலிருந்து மருமகன் கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை இங்கத்திய மின்சாரத்தில் செருகியதும் கூடமெல்லாம் புகை எழ, "துபாய்ல இவ்வளவு புகை வராது மாமா" என்று அவர் வியக்கும் படம். எல்லாவற்றுக்கும் கீழ் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக எர்த் குறி இருக்கும். ஒரு நெட்டுக்கோடு, அதன் அடியில் நீளம் குறைந்துகொண்டே வரும் மூன்று படுக்கைக்கோடுகள். அந்த எர்த் இவர்தான். கூத்தாநல்லூரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்.

எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. தஞ்சாவூரில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால் உங்கள் இதழ் என் மேசைக்கு வந்தது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பொருள், இரண்டு வரி விவரம் எழுத வேண்டும். செய்முறைகளுக்கு எழுதுவது எளிது. நகைச்சுவைப் படங்களுக்குத்தான் எழுத வரவில்லை. பாதிப் படங்களில் எனக்குச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. நான்கு வருடம் படித்தேனே தவிர, கையால் ஒரு பொருளைச் செய்து எரிய வைத்ததும் இல்லை, எரித்துக் கெடுத்ததும் இல்லை.

அப்படி ஒருநாள் ஓர் இதழின் திருத்தப் பகுதியில் கண் நின்றது. வழக்கமாக அங்கே "சென்ற மாதச் செய்முறையில் இந்த ரெசிஸ்டரின் மதிப்பு தவறு, இன்னதென்று மாற்றிக்கொள்ளவும்" என்பது போல வரும். இது அப்படி இல்லை. "இரண்டு இதழ்களுக்கு முன் வந்த எலி வேலி நகைச்சுவைப் படத்தில் காட்டியுள்ள இணைப்பு சரியானது. அது வேலை செய்யும். ஆகவே யாரும் அதைச் செய்ய வேண்டாம்." கீழே பெயரும் ஊரும்: ஹாஜா மைதீன், கூத்தாநல்லூர்.

சரியாக இருந்த ஒன்றுக்குத் திருத்தம். அதுவும் ஒரு சிரிப்புப் படத்துக்கு. எடுத்துவைத்த பழைய இதழைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். நெல் வயலைச் சுற்றி ஒரு கம்பி. அதில் மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் வருகிறது. வயல்காரர் வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துப் பெருமையாகப் பார்க்கிறார். எலிகள் வரிசையாக ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கம்பியின் மேல் ஏறி வயலுக்குள் இறங்குகின்றன. கடைசி எலிக்கு ஒரு செருப்புதான் கிடைத்திருக்கிறது, நொண்டிக்கொண்டு வருகிறது. மூலையில் அந்த இணைப்பு, செய்முறைப் பக்கங்களில் வருவதைவிடச் சுத்தமாக வரையப்பட்டிருந்தது.

தொலைபேசியில் பேசுவது எனக்குக் கஷ்டம். எண்ணும் கிடைக்கவில்லை. "ஹாஜா மைதீன், ரேடியோ கடை, கூத்தாநல்லூர்" என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதம் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"லெட்டர் போட்ட பொண்ணா?"

"ஆமா சார்."

"இந்த ஊர்ல எத்தனை ஹாஜா மைதீன் இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? நாலு பேர் பிரிச்சுப் படிச்சுட்டு அஞ்சாவதா என்கிட்ட வந்துச்சு. அதுல ஒருத்தர் படம் வரைஞ்சது நான்தான்னு பதிலே எழுதி வெச்சிருக்காரு. அனுப்பவா?"

அவரே சிரித்துவிட்டு, "பஸ் ஏறி வாங்கம்மா. மன்னார்குடியில மாறணும்" என்றார்.

கடையை எப்போதோ மூடிவிட்டார். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, சால்டரிங் அயர்ன், மூக்குக்கண்ணாடி இரண்டு. நான் எழுதிய விவரங்களை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு படித்தார். திருமண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்துபோகும் படத்துக்கு, "முகூர்த்த நேரத்தில் மின்வெட்டு" என்று எழுதியிருந்தேன். அதில் விரல் வைத்தார்.

"இது மின்வெட்டா?"

"விளக்கு அணைஞ்சிருக்கே சார்."

"சுவத்துல என்ன மாட்டியிருக்கு? கை தட்டினா எரியும், மறுபடி தட்டினா அணையும். அந்த ஸ்விட்ச். கெட்டிமேளம் கொட்டினா அது என்னம்மா செய்யும்?"

ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு சிரித்தேன். சிரிப்பு அடங்கும்வரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பரவால்ல, நாப்பது வருஷம் கழிச்சாவது அணைஞ்சுச்சே" என்றார். உள்ளே இருந்து ஜெய்த்தூன் அம்மா, "அந்தப் பொண்ணு டீயைக் குடிக்க விடுங்க" என்று குரல் கொடுத்தார்.

மழை வந்தால் ஒலிக்கும் அலாரம் பற்றிய படம் ஒன்று உண்டு. களத்தில் நெல் காயப்போட்டவர், அலாரம் அடித்ததும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். வானத்தில் மேகமே இல்லை. மழைத்துளியை உணரும் தகட்டின் மேல் கன்றுக்குட்டி நின்று மூத்திரம் பெய்துகொண்டிருக்கிறது. எலி வேலிப் படத்துக்குப் பிறகு தான் வரைந்த எதையும் முதலில் செய்து பார்க்காமல் அனுப்பியதில்லை என்று அவர் சொன்னபோது, "கன்னுக்குட்டியையும் சேர்த்தா சார்?" என்று கேட்டுவிட்டேன். நான் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை.

"பக்கத்து வீட்டுக் கன்னு. அரை நாள் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

எலி வேலியின் கதையை நான் இரண்டாவது முறை போனபோதுதான் அவராகச் சொன்னார். படம் வந்த சில வாரங்களில் இதழ் அலுவலகம் அவருக்கு ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பிவைத்தது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்துக் கிராமம். எழுதியவர் கலியமூர்த்தி என்ற விவசாயி. "தங்கள் படத்தில் உள்ளபடி செய்தேன். முதல் நாளே பதினான்கு எலி. எலிகளுக்குச் செருப்பு கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதி நன்றி சொல்லியிருந்தார்.

கடிதத்தைப் படித்த கையோடு ஹாஜா சார் கிளம்பிவிட்டார். கடையைச் சாத்திவிட்டுக் கும்பகோணம் வழியாக மறுநாள் காலை அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். வயலை விசாரித்து நடந்திருக்கிறார். கலியமூர்த்தி தினமும் விடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுகிறவர். அன்றைக்கு மறந்துவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார். களை எடுக்க வந்த ஐந்தாறு பெண்கள் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வயலுக்குள் இறங்கத் தயாராக நின்றிருந்தார்கள்.

"இறங்காதீங்கன்னு கத்துறேன். யாரு இந்த பாய், எங்கேர்ந்து வர்றாருன்னு அவங்க சிரிக்கிறாங்க. ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒரு காலை எடுத்துட்டாங்க. நின்னு வெளக்கம் சொல்ல நேரமில்ல. கொட்டகைக்குள்ள ஓடி ஃபியூஸ் கட்டையைப் புடுங்கிட்டேன்."

சத்தம் கேட்டுக் கலியமூர்த்தி ஓடிவந்திருக்கிறார். "யாருய்யா நீ? எங்க ஃபியூஸு?" என்று சட்டையைப் பிடித்தவர், படம் வரைந்தவரே இவர்தான் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு, "அட, நீங்களா! உக்காருங்க சார், டீ சொல்றேன். அருமையா வேலை செய்யுது" என்றாராம். அதற்கு, வயலுக்குள் காலை எடுத்த அந்த அம்மாதான் பதில் சொல்லியிருக்கிறார். கையில் இருந்த சாக்குத்துணியைச் சேற்றில் எறிந்துவிட்டு, "ஏன்யா, நாலு நாளா இந்தக் கம்பியைத் தாண்டித்தான் நாங்க எறங்குனமா?" என்று கேட்டார். கலியமூர்த்தி அதற்குப் பிறகு டீ பற்றிப் பேசவில்லை. கம்பியை எல்லோரும் பார்க்கச் சுருட்டினார்.

அந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை ஹாஜா சார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "குடுத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பாரு" என்றார். அவர் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்தது அதுதான். நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

"தப்பா வரைஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஒழுங்கா வரைஞ்சுட்டேன், அதான் தப்பு. பாத்துச் சிரிச்சுட்டுப் போறவனைப் பத்திக் கவலை இல்ல. செஞ்சு பாக்குறவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனை நினைச்சுத்தான் வரையணும்."

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். இதழில் படம் ஒரு மாதத்திலும் திருத்தம் இரண்டு மாதம் கழித்தும் வந்தது. அப்போது இரண்டையும் வாங்கியவர்கள் ஒரே ஆட்கள். இணையத்தில் ஏற்றினால் அப்படி இருக்காது.

"யாராவது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்ல போடுவாங்க. ஊரே சிரிக்கும். அதுல ஒருத்தன் செஞ்சு பாப்பான். படத்துக்குக் கீழயே திருத்தத்தையும் ஒட்டிடுங்கம்மா."

அந்தப் பக்கத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. "எடுக்கச் சொல்லலையே நான்! நல்ல படம்மா அது. செருப்புப் போட்ட எலி எனக்கு இன்னொரு தடவை வராது." பிறகு இறங்கிய குரலில், "படத்துக்கு எர்த் போதும். திருத்தத்துக்கு மட்டும் என் பேரும் ஊரும் இருக்கணும். யாராவது சண்டைக்கு வரணும்னா வீடு தெரியணும்ல" என்றார்.

எங்கள் ஊர் பூதலூர். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டுக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னேன், ஏதோ பழைய காலத்துச் செய்தி போல. "பழசா? போன போகத்துல மேலத்தெருவுல மாடு ஒண்ணு விழுந்துச்சே, அது என்னன்னு நினைச்ச?" என்றார் அப்பா. "இப்பவும்தான் கரண்டுக் கம்பி வைக்கிறானுவ."

அதன் பிறகும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் மேடம். வாரக் கூட்டத்தில் அவர் அடிக்கடி சொல்வது, "அச்சுல வந்தது வந்தபடியே இருக்கணும். ஒரு கறையைக்கூட அழிக்கக் கூடாது" என்பது. கூட்டத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். பேச வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். என் முறை வரும்போது, "ஒண்ணும் இல்ல மேடம்" என்பேன். கல்லூரியிலும் அப்படித்தான். திங்கட்கிழமை அழைப்பு வரும்.

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் சார். பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க."

"சரிம்மா. பாக்கட்டும்."

அதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். உடம்பு முடியாமல் இருந்தது பற்றியும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை நான் கூத்தாநல்லூர் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பெண்கள் நிறைந்திருந்த உள்ளறையில் எனக்கு இடம் விட்டார்கள். ஜெய்த்தூன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "தஞ்சாவூர்லேர்ந்து வர்ற பொண்ணு. அவங்க படத்தையெல்லாம் பத்திரமா வெக்கிறது இதுதான்" என்றார். பிறகு என்னிடம், "ஒவ்வொரு வாரமும் உன்கிட்ட பேசிட்டு வந்து சொல்வாங்க. பொண்ணு கேட்டுருச்சு ஜெய்த்தூன், இனிமே ஆபீஸ்ல பாத்துப்பாங்கன்னு. அந்த ஒண்ணுதான் அவங்களுக்குக் கவலையா இருந்துச்சு. அதுவும் முடிஞ்சுதேன்னு ரொம்ப நிம்மதி" என்றார்.

நான் கேட்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லக்கூடியதாகவும் இல்லை. இதைப் படிக்கும் ஒருவர் சொல்லி அவருக்குத் தெரியவருமானால், அதற்கு முன்பாக நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன்.

மறுநாள் காலை மேடம் வந்து பையைக்கூட வைக்கவில்லை, அவர் அறை வாசலில் நின்றேன். எழுதி வைத்தது எதுவும் கையில் இல்லை. கம்பி, களை எடுக்க வந்தவர்கள், ஃபியூஸ் கட்டை, எங்கள் மேலத்தெரு மாடு என்று முன்பின்னாகச் சொன்னேன். மேடம் நின்றபடியே கேட்டார்.

"படத்துல கை வைக்க வேண்டாம். கீழ ஒரு பட்டை சேர்த்து அதுல திருத்தத்தைப் போட்டுடலாம். பக்கத்தை யார் இறக்கினாலும் ரெண்டும் சேர்ந்தே போகும். அதுவும் அச்சுல வந்ததுதானே?"

"ஆமா மேடம்."

"இவ்வளவுதானே? இதுக்கா இத்தனை வாரம் நோட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச?"

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.

அன்று மதியமே அதைச் செய்தேன். இப்போது நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலே செருப்புப் போட்ட எலிகள் இருக்கும். நொண்டி எலியும் இருக்கும். மூலையில் எர்த். அதன் கீழேயே, வேலை செய்யும், ஆகவே செய்ய வேண்டாம் என்ற வரிகளும், ஹாஜா மைதீன், கூத்தாநல்லூர் என்ற பெயரும். ஓவியரின் பெயர் தெரியவில்லை என்று முன்பு நானே பதிந்திருந்த இடத்திலும் அவர் பெயரைப் போடவில்லை. படத்துக்கு எர்த் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். அங்கே "எர்த்" என்று மட்டும் போட்டேன்.

வியாழக்கிழமை நான் புறப்படும்போது, அவர் மேசையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஜெய்த்தூன் அம்மா. நான் எதையும் எடுக்கவில்லை. ஃபியூஸ் கட்டை தாள்களின் மேல் அப்படியே இருக்கிறது. ஹாஜா சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, செஞ்சு பாக்குறவனை நினைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வார்த்தைதான். இரண்டு வரி விவரம் எழுதும்போதுகூட, இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுந்துபோய் என்ன செய்வார் என்று இப்போது யோசிக்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிவு செய்தவர் என்று ஓர் இடம் உண்டு. நாங்கள் எல்லோரும் அதில் பணியாளர் எண்ணை மட்டும்தான் போடுவோம். என் எண் நான்கு. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணை அழித்துவிட்டு என் முழுப் பெயரையும், பூதலூர் என்று ஊரையும் எழுதியிருக்கிறேன். எலி வேலிப் படம் பற்றிச் சண்டைக்கு வர வேண்டியவர்கள் இனி என்னிடம் வரலாம்.